விபூதி வைத்த நட்டுகள்

கோவில்பட்டி
12.8.1999

அன்புள்ள தம்பி சண்முகராஜுக்கு,

அக்கா வெயிலம்மாள் எழுதுவது. நானும் குழந்தை பானுவும் இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது. உன் அத்தானோடு ஷெட் வேலை பார்த்த இசக்கிபாண்டி பூனாவிலிருந்து வந்திருந்தான். அங்கே நீ ஸ்பானரையே தொடுவதில்லை, ஓட்டலில் தட்டுக் கழுவுகிறாய் என்றான். குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைக்காதவன் நீ. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் எதுவும் வருவதில்லை.

இங்கே மழை இல்லை. கரிசல் வெடித்துக் கிடக்கிறது. நான் தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டையில் தீக்குச்சி அடுக்கப் போகிறேன். பானுவையும் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன்.

வருகிற ஆயுத பூஜையோடு உன் அத்தான் போய் ஒரு வருஷம். நினைத்தால் அவர் முகம் வரமாட்டேன் என்கிறது, வேலையைப் பற்றிச் சொன்னதுதான் வருகிறது. வெறும் போல்ட்டு தாங்காது, முறுக்கினால் இரண்டு தகடும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், கூரையைத் தாங்குவது அந்தப் பிடிதான் என்பார். முறுக்காமல் விட்டால் காற்று ஆட்ட ஆட்ட நட்டு தானாகக் கழன்றுவிடுமாம். முறுக்கி முடித்த நட்டில் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டு வைப்பார். வெள்ளை இருந்தால் மறுபடி யாரும் ஸ்பானர் போடவேண்டாம்.

நீ ஏன் ஊருக்கு வருவதில்லை என்று எனக்குத் தெரியும். இசக்கிபாண்டி சொல்லிவிட்டான். பூஜையன்று அந்தக் குடோன் ஷெட்டில் மிஷினுக்கும் ஏணிக்கும் விபூதி குழைத்து வைத்த கையோடு, சாரத்தில் ஏறி, முறுக்காமல் கையால் மாட்டி மட்டும் விட்டிருந்த நட்டுகளுக்கும் நீ வைத்தாயாம். மறுநாள் வேலையாட்கள் அதைச் சுண்ணாம்பு என்று நினைத்து, முறுக்காமலே கூரைத் தகடு ஏற்றிவிட்டார்களாம். சாயங்காலம் காற்று வந்தபோது உன் அத்தான் மேலே இருந்தார். அவ்வளவுதான்.

கேட்டுவிட்டு உலை வைத்தேன். உன்மேல் கோபம் இருக்கிறதா என்று எனக்குள் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கோபமே இல்லை என்று எழுதவும் கை வரவில்லை. நீ சாமி காரியமாகத்தான் வைத்தாய். அவரும் கீழே நின்று வெள்ளையைப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார், தொட்டுப் பார்க்கவில்லை. நினைக்கும்போது அதையும் சேர்த்து நினைத்துக்கொள்.

பானுவுக்கு இன்னும் காது குத்தவில்லை. நீதான் வரமாட்டேன் என்கிறாயே, வருஷம் திரும்பியதும் நம் பெரியப்பா மகன் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்கிறார்கள் மாமியார் வீட்டில். நான் ஒப்பவில்லை. கூடப்பிறந்த தாய்மாமன் இருக்கும்போது அவளுக்கு வேறு மடி எதற்கு? நீ வராவிட்டால் அவள் காது அப்படியே இருக்கட்டும்.

ஐப்பசியில் வா. ஆசாரியைப் பார்த்தாலே அலறுவாள், ரொம்பத் திமிறுவாள். நீதான் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நல்லா இரு தம்பி.

உன் அக்கா,
வெயிலம்மாள்