கலியாணத் தளத்தில் மூன்று ஓட்டைகள்

2005 யூலை 4, திங்கள்
சோளகக் காற்று. வவுனியா முழுக்கப் புழுதி.
இந்தக் கிழமை வேலை: எங்கள் கலியாண இணையத்தளத்தை வெளியார் உடைக்க முடியுமா என்று பார்ப்பது. எழுதியவள் வாசுகி, சோதிப்பவள் நான். முதலாளி சிவா அண்ணையின் கட்டளை.
மதியத்துக்கு முன்பே ஒரு ஓட்டை. முகவரியின் கடைசி இலக்கத்தை மாற்றினால் அடுத்தவர் மறைத்து வைத்த பக்கம் திறக்கிறது. வாசுகி சிரித்தாள். "சின்னப் பிழையடி. நாளைக்கு அடைக்கிறன்."
வாங்க: சவர்க்காரம், நுளம்புத்திரி, அப்பாவுக்குச் சாரம். சனிக்கிழமை வீட்டுக்கு, முரசுமோட்டைக்கு. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் வரிசை நீளமாம்.

யூலை 5, செவ்வாய்
இரண்டாவது. 'என்னைப் பற்றி' பெட்டியில் நிரல் எழுதினால் தளம் அதை ஓட்டுகிறது. பக்கத்தைப் பார்ப்பவரின் குக்கி, அதாவது உள்ளே விடும் சாவி, என் கைக்கு வரும்.
"அண்ணை, ஒருக்கா என்ர பக்கத்தைத் திறவுங்கோ."
திறந்தார். அடுத்த நிமிடம் நான் அவராக உள்ளே. அவருக்குக் காட்டினேன். தலையில் கை வைத்தார்.
"எவ்வளவு தூரம் போகலாம் எண்டு பாருங்கோ பிள்ளை. மற்றவையின்ர கடிதங்களை மட்டும் வாசிக்காதேங்கோ."
வாசுகி வேளைக்கே அறைக்குப் போய்விட்டாள். தலையிடியாம்.

யூலை 6, புதன்
மூன்றாவது. அழித்த கடிதங்கள் உண்மையில் அழிவதில்லை. நிர்வாகிக்குத் தெரிகின்றன. சோதிக்க என் கணக்கையே திறந்தேன். போன வருடம் என் அண்ணா பதிந்தது. ரொறன்ரோவிலிருந்து ரவி எழுதினார், நானும் எழுதினேன். தையோடு அவர் நின்றுவிட்டார். நான் அழுதது வாசுகிக்கு மட்டும் தெரியும். இருவருக்கும் ஒரே அறை.
அவர் நிற்கவில்லை. அழித்தவற்றுள் மாசியில் ஒரு கடிதம். பங்குனியில் இன்னொன்று: "ஏன் பதில் இல்லை?" அதற்குப் பதிலும் இருக்கிறது, என் பெயரில். "எனக்கு வேறு இடத்தில் கலியாணம் முற்றாகிவிட்டது. இனி எழுத வேண்டாம்."
அனுப்பிய கணினியின் இலக்கமும் பக்கத்தில் இருக்கிறது: வாசுகியுடையது.
அறையில் கேட்டேன். "நீயோ எழுதினனீ?"
"ஓம். உந்தப் பெட்டி வழியாலதான் உன்ர கணக்குக்குள்ள போனனான். அதுக்குத்தான் அடைக்காமல் விட்டனான்."
"ஏன்?"
"நீயும் கனடாவுக்குப் போனா நான் ஆரோட இருக்கிறது? எனக்கு ஆர் இருக்கினம்?"
கட்டிப்பிடிக்க வந்தாள். தள்ளிவிட்டேன். நான் அழுதபோது என் முதுகைத் தடவிய அதே கை.

யூலை 7, வியாழன்
அறிக்கை. ஒரு ஓட்டை அடுத்ததற்கு எப்படி வழி விடுகிறது என்று எழுதினேன்.
"என்ர பேரைப் போடாதையடி."
போட்டேன். சிவா அண்ணை மதியமே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். பையைக் கட்டிக்கொண்டு போனாள். எங்கே என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.
பின்னேரம் ரவிக்கு எழுதினேன். எல்லாம், நடந்தபடி.

யூலை 8, வெள்ளி
ரவியின் பதில். "அந்தக் கடிதமும் உங்கள் பெயரில்தான் வந்தது. இதை எழுதுவது நீங்கள்தான் என்று நான் எப்படி நம்புவது?"
கோபம் வரவில்லை. நியாயமான கேள்வி. பதில் பெட்டியைத் திறந்தேன். 'நான் நிர்மலா' என்று அடித்தேன். அழித்தேன். திரும்பவும் அடித்தேன்.