படம் கேட்கும் சிரிப்பு

இன்று காலை உக்குவளை வீதியோரம் யாரோ கிராம்பைப் பாயில் பரப்பிக் காயப் போட்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் கன்னங்கள் தாமாகவே மேலே இழுத்துக்கொண்டன. சிரிப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை. சாவு விழுந்த வீட்டுக்குள் நுழையுமுன், பீடி நாற்றம் போக நீ ஒரு கிராம்பைக் கடிப்பாய். பிறகு சிரிப்பாய். இத்தனை வருடம் பக்கத்தில் நின்றதில் எனக்கு இரண்டும் ஒன்றாக ஒட்டிவிட்டன.

நாம் இருவரும் மாத்தளை நிருபர்கள். பத்திரிகை வேறு வேறு, மோட்டார் சைக்கிள் ஒன்று. யாராவது விபத்தில் இறந்தால் கொழும்பு அலுவலகம் முதலில் கேட்பது படம். செய்தி வீட்டை எட்டிவிட்டால் படம் கிடைக்காது. அழுகைக்கு நடுவே யாரும் அலுமாரி திறப்பதில்லை. ஆகவே செய்திக்கு முன்னால் நாம் போய்விட வேண்டும் என்பது உன் கணக்கு. "மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போனா சந்தேகப்படுவாங்க மச்சான். பல்லக் காட்டு" என்பாய்.

இரத்தோட்டைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருந்த அந்த அம்மா. அவருடைய மகன் கொழும்பில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்திருந்தான். நமக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

"அக்கா, மகனோட படம் ஒன்னு குடுங்க" என்றாய் சிரித்தபடி.

"எதுக்குங்க தம்பி?"

"பேப்பர்ல வரப்போறாருக்கா."

அவரும் உன் அளவுக்குச் சிரித்தார். சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தார். "சின்னதுலருந்தே கெட்டிக்காரங்க அவன்." பிளேன்டீயும் தந்தார். நாம் அதைக் குடித்து முடித்தோம்.

கருமாதி முடிந்த பிறகு படத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். அவர் கதவைத் திறந்தார். பழக்கத்தில் நீ சிரித்தாய். அவர் கையிலிருந்த சுளகு கீழே விழுந்தது.

"சின்னவளுக்கு என்னங்க ஆச்சு? இப்பத்தான இஸ்கூலுக்குப் போனா. சொல்லுங்க தம்பி, அவளுக்கு என்ன ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லை என்று எத்தனை தரம் சொன்னோம். பள்ளிக்கூடம் விட்டு அந்தப் பிள்ளை படியேறி வரும்வரை அவர் நம்பவில்லை. இறங்கும் வழியில் நீ சொன்னாய்: "என் பல்லுக்கு இவ்வளவு பவர் இருக்குன்னு தெரியாமப் போச்சே." நானும் சிரித்தேன்.

பின்னொரு நாள், கட்டுரை ஒன்றுக்காக மனநல மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். மூளை ஒரு முகபாவத்தைத் தனியாக வைத்துக்கொள்வதில்லை, அதற்குப் பின்னால் என்ன வந்தது என்பதோடு சேர்த்துக் கட்டிவைக்கிறது என்றார். வந்தது பெரிய அடியாக இருந்தால் ஒரு தடவையே போதுமாம். உன்னிடம் சொன்னேன். "அப்ப அந்தம்மா மூள சரியாத்தான் வேல செய்யுது" என்றாய்.

உன் ஈரல் கெட்டபோது மருத்துவர் என்னைத்தான் வெளியே கூப்பிட்டுச் சொன்னார், சில வாரங்கள் என்று. கட்டிலருகே வந்து, "ஒன்னுமில்ல மச்சான், நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்றேன் சிரித்தபடி. நீ என் சொல்லைக் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தாய்.

"படம் வேணுமாடா?" என்றாய். "அலுமாரில நல்லது ஒன்னு இருக்கு." சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய்.

அந்நேரம் உன் மனைவி சுடுதண்ணீர்ப் போத்தலோடு வந்தார். "டாக்டர் என்னண்ணே சொன்னாரு?" என்றவர், நான் பதில் சொல்லுமுன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பாடா" என்று கதிரையில் உட்கார்ந்தார். நான் திருத்தவில்லை. நீ போகும்வரை, பத்தொன்பது நாள் அவர் அதை நம்பி இருந்தார். உன்னிடம் கேட்க நினைத்தவற்றை எல்லாம் நீ வீட்டுக்கு வந்ததும் கேட்கலாம் என்று வைத்திருந்தாராம். பிறகு என்னிடம் சொன்னார், கோபமில்லாமல்.

போன மாதம் ஆசிரியர் நியமனப் பட்டியல் வந்தது. அதில் உன் மகளின் பெயர். நானே முதலில் சொல்ல வேண்டும் என்று ஓடினேன். உன் மனைவி கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கீழே சரிந்தார்.

"யாரு அண்ணே?" என்றார். "மகளா?"

இப்போது நல்ல செய்தி என்றால், வீட்டுக்குப் போகாமல் தொலைபேசியில் சொல்லிவிடுகிறேன்.