கேட்பதை வாலில் வை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை வழக்கம்போல ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்லிவிட்டு நீ மட்டும் நொண்டிக்கொண்டிருக்கிறாயா?

ஒரு நல்ல சேதி. எங்கள் குழந்தைகள் இதய சிகிச்சை அறக்கட்டளையில் நிதி திரட்டும் பிரிவுக்கு என்னைத் தலைவியாக்கிவிட்டார்கள். இந்த நாற்காலியில் உட்காரும் முதல் பெண் நான்தானாம். கண்ணாடி அறை, கதவில் என் பெயர். உட்கார்ந்ததும் உன் நினைவுதான் வந்தது. உங்கள் பார்வையற்ற பெண்கள் விடுதியின் அலுவலகத்தில், உன் மேசையின் மூலையிலேயே எனக்கும் ஒரு ஸ்டூலைப் போட்டு, நன்கொடையாளர்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தவள் நீ. நீ இல்லாவிட்டால் நான் இல்லை அக்கா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் வாலு

பி.கு.: பூட்டுக்கடை அம்மா தன் பழைய கிடங்கை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். உன் மேல் அவருக்கு அவ்வளவு பிரியமாயிற்றே. அந்தப் பணத்தில் எங்கள் அறக்கட்டளைக்கும் கொஞ்சம் கேட்க எனக்கு ஒரு அறிமுகக் கடிதம் தருவாயா?


மார்ச் 11

வாலு,

வாழ்த்துகள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப் போகச் சொல்ல வாய் வராது.

உன் கடிதத்தைச் சிவப்புப் பேனாவோடு படித்தேன். முதல் பத்தியில் நலம் விசாரிப்பு, இரண்டாவதில் கதையும் நன்றியும், கேட்க வேண்டியது பின்குறிப்பில். "எல்லாரும் கடுதாசியோட தலையையும் வாலையும்தான் படிப்பாங்க, கேக்கறத வால்ல வை" என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவளிடமே வித்தையைக் காட்டுகிறாயா? என் முழங்கால்கூட உனக்கு ஒரு முதல் பத்தி ஆகிவிட்டது.

மறைப்பானேன், வயிறு எரிகிறது. நேற்று செயற்குழுவில் பொருளாளர், "உங்க தங்கச்சி பெரிய ஆளாயிட்டாங்களாமே! நீங்களும் அவங்ககிட்ட கொஞ்சம் கத்துக்கலாமே" என்றார். பல்லைக் காட்டிவிட்டு வந்தேன். பதினெட்டு வருடத்தில் எனக்கு மேலே மூன்று தலைவர்கள் வந்தார்கள். மூவரும் ஆண்கள். மூவருக்கும் எந்த நன்கொடையாளர் எப்படிப்பட்டவர் என்று பாடம் எடுத்தவள் நான். இப்போது இருப்பவரும் ஜூனில் போகிறார். நாலாவது ஆளுக்கும் எடுப்பேன்.

பூட்டுக்கடை அம்மா என்னுடையவர். பன்னிரண்டு வருடமாக மாதம் தவறாமல் அவர் கடைக்குப் போகிறேன். எந்தக் காது கேட்காது, எந்த மருமகளைப் பற்றிப் பேசக்கூடாது, எல்லாம் எனக்கு அத்துப்படி. நான் விதைத்ததை நீ வந்து அறுக்க வேண்டாம். கடிதம் தரமாட்டேன்.

அக்கா


மார்ச் 19

அக்கா,

உன் முழங்காலைப் பற்றி நான் கேட்டது நிஜமாகத்தான். வேலைப் பழக்கம் கையில் ஒட்டிக்கொண்டுவிட்டது, என்ன செய்ய. இந்தக் கடிதத்துக்கு வால் கிடையாது, பயப்படாமல் படி.

கண்ணாடி அறைமேல் கண் வைக்காதே. போன வாரம் ஒரு மில் முதலாளி, "சிரிச்சுக்கிட்டே கேளும்மா, செக் பெருசா வரும்" என்றார். சிரித்தேன். செக் வந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு முறை முகம் கழுவினேன். உனக்கு மட்டும்தான் வயிறு இருக்கிறதா? எனக்கும் எரிகிறது. உன்னைப் பார்த்தால் நன்கொடையாளர்கள் நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள். என்னைப் பார்த்தால் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. மூன்று முறை அந்தப் பதவி காலியானதே, ஒரு முறையாவது நீ விண்ணப்பம் போட்டாயா? பூட்டுக்கடை அம்மாவிடம் இந்தப் பன்னிரண்டு வருடத்தில் வாய் திறந்து ஏதாவது கேட்டிருக்கிறாயா?

வாலு


ஏப்ரல் 2

வாலு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி ஒட்டினேன்.

மறுநாளே பூட்டுக்கடைக்குப் போனேன். அம்மா எண்ணெய்த் துணியால் பூட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்கிற காதுப் பக்கமாக உட்கார்ந்து, சொல்லக்கூடாததைச் சொன்னேன். "என் தங்கச்சி வருவா. அவ ஆபீஸ்ல பாதிப் பணம் கண்ணாடி ரூமுக்கே போயிடும். அவளுக்குக் குடுக்காதீங்கம்மா." பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

அவர் துணியைக் கீழே வைத்தார். "பன்னண்டு வருஷமா வர்ற. டீ குடிக்கற, உடம்ப விசாரிக்கற, நானா குடுக்கறத வாங்கிக்கிட்டுப் போயிடற. இன்னைக்குக் கேப்பா, நாளைக்குக் கேப்பான்னு நானும் பாத்துட்டே இருந்தேன். இன்னைக்குத்தான் மொத மொதல்ல ஒண்ணு கேட்டிருக்க. அதுவும் உன் தங்கச்சிக்குக் குடுக்காதேன்னு."

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை. உனக்குக் கேட்கச் சொல்லிக்கொடுத்த எனக்கு, கேட்க மட்டும் சுட்டுப்போட்டாலும் வரவில்லை. இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். கேட்காமலே தர வேண்டும் என்ற திமிரும்கூட. நீ கேட்டாய், கிடைத்தது. அதற்காக உன்மேல் எரிந்து விழுந்தேன்.

அறிமுகக் கடிதம் இதோடு இருக்கிறது. நான் சொன்னது பொய் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறேன். ஆனால் வருகிற புதன்கிழமை நான் அம்மாவிடம் போய் விடுதிக்குப் புதுக் கட்டடம் கேட்கப்போகிறேன். வியாழக்கிழமைக்கு முன்னால் அந்தத் தெருப்பக்கம் நீ தலைகாட்டக்கூடாது. பொறாமை ஒரே நாளில் போய்விடுமா என்ன?

அக்கா

பி.கு.: ஜூனில் காலியாகும் பதவிக்கு விண்ணப்பம் எழுதிவிட்டேன். இந்தத் துறையில் இருக்கும் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டுமாம். எழுதித் தருவாயா?