வெள்ளைச்சாமி போட்ட கையெழுத்து

அரியலூர்
8.7.1983

அன்பு மகன் சாமிதுரைக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், பம்பாயில் மழை பிடித்துக்கொண்டது என்று ரேடியோவில் சொன்னார்கள், நனையாமல் வேலைக்குப் போய் வா. உன் தங்கை மலர்க்கொடிக்கு ஆவணியில் வளைகாப்பு.

குவாரியில் என் வேலை போனதை ஊரார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன் என்று கோபித்திருந்தாய், நான் எழுதாதது தப்புதான், உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ஆட்கள் ஒதுங்கச் சங்கு ஊதுமுன் என்னை வெடித்திரியைக் கொளுத்தச் சொன்னவர் மேஸ்திரி, பக்கத்தில் நின்று கேட்டவன் வெள்ளைச்சாமி. கல் தெறித்து, ஜல்லி சுமக்கும் குஞ்சம்மாளுக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. விசாரணை என்றதும் வெள்ளைச்சாமி இருக்கிறானே என்று நான் தைரியமாக இருந்தேன். அவனோ, யாரும் சொல்லாமல் நானே கொளுத்தியதாக எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டான். பதினெட்டு வருஷம் ஒரே தூக்குவாளியில் கஞ்சி குடித்தவன், அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டவனே நான்தான்.

மறுநாள் அவன் வீட்டுக்கே போய்க் கேட்டேன். மூணு பொட்டப்புள்ள வச்சிருக்கேண்ணே, போடலன்னா என்னையும் அனுப்பிடுவோம்னாங்க என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். பழைய ஆளாக இருந்தால் அங்கேயே அடித்திருப்பேன். வேலித் தகராறில் உன் பெரியப்பா கையை உடைத்தேனே, பிறகு ஒன்பது வருஷம் பேசாமல் இருந்து, கடைசியில் பாடையில் கிடந்தவரிடம்தான் பேசினேன். அது ஞாபகம் வந்தது. நீ பண்ணது துரோகம்டா, என்னால தாங்க முடியல என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வலிக்கிறது என்று ஒருவனிடம் வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஐம்பத்தாறு வயசாகியிருக்கிறது.

மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே, அவனைக் கண்டால் இன்னும் நெஞ்சு எரிகிறது. ஆனால் படுத்தால் ஒன்று உறுத்துகிறது. மேஸ்திரி சொன்னாலும் கொளுத்தியது என் கைதானே, சங்கு ஊதட்டுங்க என்று நான் நின்றிருக்கலாம், நானும் வேலை போய்விடும் என்று பயந்துதான் கொளுத்தினேன். ஆஸ்பத்திரிக்குப் போய்க் குஞ்சம்மாளிடம் அதைச் சொன்னேன். இதச் சொல்ல நீங்க ஒருத்தர்தான் வந்தீங்க என்றாள். சமாதானமாகச் சொன்னாளா, குத்திச் சொன்னாளா தெரியவில்லை, எதுவானாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

லீவு போட்டு வந்து வெள்ளைச்சாமி காலை ஒடிக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். வளைகாப்புக்கு வா, அதற்காக வராதே. இந்தக் கோபம் என்னுடையது, இதை உனக்குச் சொத்தாக எழுதிவைக்க எனக்கு இஷ்டமில்லை. செல்லியம்மன் உன்னைக் காப்பாற்றட்டும், நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கினால் அவன் வீட்டைத் தாண்டித்தான் வரவேண்டும், தலையும் குனியாமல் கையும் ஓங்காமல் நேரே வீட்டுக்கு வந்து சேர்.

உன் அப்பா
அய்யம்பெருமாள்