இளவரசி மீது நான் சுமத்திய தாலித் திருட்டு

அனுப்புநர்:
சு. அருள்முருகன் (வயது 61),
அலுவலகக் கண்காணிப்பாளர் (ஓய்வு),
செம்மண்டலம், கடலூர்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கடலூர் மாவட்டம்.

பொருள்: கொரோனா சிகிச்சை மையப் பணியாளர் திருமதி இளவரசி – எனது தவறான புகாரின்பேரில் பணிநீக்கம் – ஆணையை ரத்து செய்து பணி வழங்கவும், புகார் கொடுத்த என் மீது நடவடிக்கை எடுக்கவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எனது புகார் மனு, நாள் 12.07.2021.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முப்பத்தோரு ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதிப் பிழைத்தவன் நான். எந்தச் சொல்லைப் போட்டால் கோப்பு நகரும், எதைப் போட்டால் ஒருவருடைய வேலை போகும் என்பது எனக்கு அத்துப்படி. பார்வையில் கண்ட புகாரில் அந்தத் திறமை முழுவதையும் கொட்டினேன். நல்ல புகார். அதில் ஒரு குறையும் இல்லை, உண்மையைத் தவிர.

2. 2021 மே மாதம் என் தந்தை சுப்புராயனும் தாய் தில்லையம்மாளும் சிதம்பரத்தில் அன்று இயங்கிய தற்காலிக கொரோனா சிகிச்சை மையம் ஒன்றில் சேர்க்கப்பட்டனர். ஆண்கள் வார்டும் பெண்கள் வார்டும் எதிரெதிரே. நான் அந்த மையத்தின் கேட் வரை காரில் போனேன். கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. ஸ்ரீமுஷ்ணத்தைச் சேர்ந்த இளவரசி என்ற ஒப்பந்தப் பணியாளர்தான் வெளியே வந்து துணிப்பையை வாங்கிக்கொண்டார். என் தாய்க்குச் சோறூட்டியவர், மலம் துடைத்தவர், தன் கைப்பேசியை அவர் காதில் பிடித்துக்கொண்டு நின்றவர் எல்லாம் இவரே. பெற்ற பிள்ளை செய்ய வேண்டியதை எட்டு மணி நேர டூட்டியில் செய்தார்.

3. 24.05.2021 காலை தந்தை இறந்தார். தாயிடம் சொல்லக் கூடாது என்று இளவரசியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். 27-ஆம் தேதி தாயும் இறந்தார். உடலோடு வந்த உடைமைகளின் பட்டியலில் கம்மல் இருந்தது, மூக்குத்தி இருந்தது. தாலி இல்லை. கம்மலையும் மூக்குத்தியையும் விட்டுவிட்டுத் தாலியை மட்டும் எடுக்கும் திருடரை என் சர்வீஸில் நான் கேள்விப்பட்டதே இல்லை. அன்று அது எனக்கு உறைக்கவில்லை. தாயின் முகத்தைப் பார்க்கப் போகாத வெட்கத்தை யார் தலையிலாவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது. "பிணத்தின் கழுத்தில் கை வைத்தவர்" என்று எழுதினேன். அந்த வரியை எழுதி முடித்ததும் எனக்குத் திருப்தியாக இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

4. விசாரணையில், "தாலியை எடுத்தாயா?" என்று கேட்டிருக்கிறார்கள். "நான்தான் கழட்டினேன்" என்றாராம். எதற்கு, எங்கே வைத்தாய் என்று எத்தனை முறை கேட்டும் வாய் திறக்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிவு செய்து விசாரணையை முடித்துக்கொண்டார்கள்.

5. அதே ஆண்டு சுதந்திர தினத்தன்று அந்த மையத்தில் முன்களப் பெண் பணியாளர்களுக்குப் பாராட்டு விழா நடந்தது. பொன்னாடை, சான்றிதழ், ஒலிபெருக்கியில் தியாகம், தாய்மை என்று பேச்சு. தொடக்கத்தில் தயாரித்த பட்டியலில் இளவரசியின் பெயரும் இருந்தது. அவர் கஞ்சி போட்ட புடவை கட்டிக்கொண்டு இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். "இது பாராட்டுப் பெறுபவர்களுக்கான நாற்காலி" என்று சொல்லி எழுப்பினார்கள். பின்பக்கம் அழைத்துச் சென்று நீக்க ஆணையைக் கையில் கொடுத்தார்கள். மேடையில் கைதட்டல் நிற்கவில்லை. இவ்வளவு விவரமாக எனக்கு எப்படித் தெரியும் என்று தாங்கள் கேட்கலாம். அதைக் கண்ணால் பார்ப்பதற்காகவே நான் கடலூரிலிருந்து போயிருந்தேன். தாய் தந்தையைப் பார்க்கப் போகாத அதே இடத்துக்கு.

6. கடந்த மாதம் செவிலியர் நித்யா மேரி என் வீட்டுக்கு வந்தார். அன்று அதே வார்டில் பணியில் இருந்தவர். என் புகாருக்கு முன்பே வெளி மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போனதால் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. இப்போது திரும்பி வந்து, இளவரசி எங்கே என்று விசாரித்தபோதுதான் கேள்விப்பட்டிருக்கிறார். உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே அவர் சொன்னது பின்வருமாறு.

7. உடல் மாறிவிடாமல் இருக்க, வார்டை விட்டு எடுக்குமுன் அட்டையில் உள்ள பெயர், வயது, ஊர் ஆகியவற்றை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சரிபார்ப்பது அங்கே நடைமுறை. 24-ஆம் தேதி காலை படித்தவர் இளவரசி. "சுப்புராயன், எண்பத்தி ரெண்டு, சிதம்பரம்." எதிர் வார்டில் என் தாய் விழித்திருந்தார்.

8. என் தாய் கதறவில்லையாம். மாலை வரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்துவிட்டு, இளவரசியை அழைத்து, "ஏம்மா, எனக்கு இத யாரு கழட்டுவா?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் வழக்கத்தில் கணவனை இழந்த பெண்ணின் தாலியை இன்னொரு கைம்பெண்தான் கழற்றிப் பாலில் போடுவார். இளவரசி கணவனை இழந்தவர். பாதுகாப்பு உடையோடு, இரண்டு கையுறை போட்ட விரல்களால் முடிச்சை அவிழ்க்க வெகுநேரம் ஆனதாம். நோயாளிகளுக்குக் கொடுக்கும் மாலைப் பாலில் ஒரு டம்ளர் எடுத்து அதில் போட்டிருக்கிறார். மறுநாள் தந்தையின் உடலை எரியூட்ட எடுத்துப் போகுமுன், என் தாய் கேட்டுக்கொண்டபடி, அந்தத் தாலியை உடல் உறைக்குள் வைத்து அனுப்பியிருக்கிறார். விதிமீறல்தான். அதற்கு உரிய தண்டனையை அவர் பலமுறை அனுபவித்துவிட்டார்.

9. நான் ஸ்ரீமுஷ்ணம் போனேன். இளவரசி இப்போது முந்திரிக் கொட்டை உடைக்கும் கொட்டகையில் வேலை செய்கிறார். கொட்டைத் தோலின் எண்ணெய் பட்டு விரல்கள் வெந்து கறுத்திருக்கின்றன. கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவக்கூட அவரைச் சேர்ப்பதில்லை. தாலி இருக்கும் இடமாயிற்றே என்கிறார்களாம். மகளுக்கு வந்த இரண்டு வரன்கள் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போயின. என்னைக் கண்டதும் அவர் என்னைத் திட்டவில்லை. நித்யா மேரியைத்தான் திட்டினார். "அப்பா போனது தனக்குத் தெரியும்ங்கறத உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கனாங்க சார். அந்தப் பொண்ணு ஏன் சொல்லுச்சு?" விசாரணையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா உங்க காதுக்கு வந்துடுமே" என்றார்.

10. கொரோனா காலத்தில் பணியாற்றிய ஒப்பந்தப் பணியாளர்களை மருத்துவமனைப் பணியில் அமர்த்தப் பட்டியல் தயாராகிறது. இம்மாதம் 30-ஆம் தேதி கடைசி நாள். இளவரசிக்கு வயது நாற்பத்தொன்பது. இதை விட்டால் வயது வரம்பு முடிந்துவிடும். அவருடைய பெயருக்கு நேரே "திருட்டு" என்று எழுதியிருக்கிறது. எழுதியது பேனா பிடித்த அலுவலர் என்றாலும் சொல் என்னுடையது.

11. எனவே, (அ) நீக்க ஆணையை ரத்து செய்து 30-ஆம் தேதிக்குள் அவர் பெயரைப் பட்டியலில் சேர்க்கவும், (ஆ) வரும் குடியரசு தினத்தில் அவர் பெயரை ஒலிபெருக்கியில் அழைத்து, அன்று கொடுக்காத சான்றிதழைக் கொடுக்கவும், (இ) பொய்ப் புகார் கொடுத்த என் மீது வழக்குப் பதியவும் வேண்டுகிறேன். (இ)-யை மட்டும் தாமதப்படுத்தினால் எனக்கு ஆட்சேபனை இல்லை என்று எழுதத்தான் கை போகிறது. அப்படி எழுத எனக்கு உரிமையில்லை.

12. இளவரசி இம்மனுவில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். இதில் என் தாய் பற்றி எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். கிளம்பும்போது, அம்மா வேறு ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். "அந்த மூணு நாளும் நீங்க போன் பண்ணி, அப்பா நல்லா இருக்காரும்மான்னு சொன்னீங்க. சரிப்பா, சாப்புட்டாரான்னு கேட்டுக்குவாங்க. போன வாங்கனதும் என்னப் பாத்து, எம்புள்ள பொய் சொல்லத் தெரியாம திண்டாடுறான், நான் நம்புறேன்னே இருக்கட்டும்னு சொல்வாங்க" என்றார். இதை எழுதாமல் விட்டால் என் தாய் ஒன்றும் அறியாமல் கண்மூடினார் என்று நான் ஊரில் சொல்லிக்கொண்டே இருக்கலாம். இளவரசி திருடியாகவே இருப்பார். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
சு. அருள்முருகன்
(12.07.2021 நாளிட்ட புகாரை எழுதியவன்)

இடம்: கடலூர்
நாள்: 17.11.2025

இணைப்பு: செவிலியர் நித்யா மேரியின் எழுத்துமூல வாக்குமூலம்.