வெயிலில் வீரியம் போன பாட்டில்

என் செல்ல வாலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், நலம் என்பதைவிடத் துள்ளிக்கொண்டு இருக்கிறோம் என்பதே சரி. நீயும் மாப்பிள்ளையும் சளி கிளி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருக்க வேண்டும். போனில் சொன்னால் 'அப்பா, மீட்டிங்' என்று பாதியில் வைத்துவிடுவாய், கடிதத்திடமிருந்து தப்பிக்க முடியாது பார்!

உன் அம்மாவின் ஆய்வறையை இந்த மாதக் கடைசியில் மூடப்போவதாக இருந்தார்கள் அல்லவா. அவள் வளர்க்கும் மண் பாக்டீரியாவுக்குள் ஒரு சுவிட்ச் இருக்கிறது, பெராக்சைடு மாதிரி அரிக்கிற சரக்கு உள்ளே வந்தால் அது விழித்துக்கொண்டு, தூங்கும் மரபணுக்களைத் தட்டி எழுப்பும் என்று அவள் சொல்ல, மற்ற பாக்டீரியாவுக்கு இருக்கலாம், இதுக்குக் கிடையாது, ஆதாரம் காட்டுங்க, இல்லேன்னா அறையை ஒழிச்சுக் குடுங்க என்றார் மீசைக்கார இயக்குநர். கல்யாணமான புதிதில், என் சலூன் நாற்காலியில் உட்காரச் சொன்னதற்கு, அந்தச் சுவிட்ச் கிடைக்கட்டும், அப்புறம் உங்க கத்தரிக்குத் தலை குடுக்கறேன் என்றவள் அவள். இத்தனை வருஷமும் தானே வெட்டிக்கொண்டு, பின்பக்கம் எலி கடித்த மாதிரி இருக்கும், உனக்குத் தெரியாததா.

போன மாதம் அவள் ஆர்டர் போட்ட பெராக்சைடு வரவில்லை. மூக்கால் அழுதுகொண்டு கடைக்கு வந்தாள். முடிக்கு நிறமேற்ற நான் வைத்திருந்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன், பெரிய வள்ளல் மாதிரி. அது மாதக்கணக்கில் ஜன்னலோர வெயிலில் நின்று வீரியம் போன சரக்கு என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. பாக்டீரியா வளர்கிற ஒரு குடுவையில் ஊற்றினாள், ஒன்றும் சாகவில்லை, ஜாலியாக இருந்தன. உங்களை நம்பினேன் பாருங்க என்று போனில் விட்டாள் ஒரு டோஸ். அதற்குள் ஆர்டர் போட்ட சரக்கு வந்துவிட, கோபத்தில் அதே குடுவையிலும் பக்கத்துக் குடுவையிலும் முழு வீரியச் சரக்கைக் கொட்டினாள். நுரை என்றால் நுரை, பால் பொங்குகிற மாதிரி! என் பாட்டில் படாத பக்கத்துக் குடுவையில் கூண்டோடு காலி, இதில் மட்டும் உயிரோடு!

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். கொஞ்சமாக வந்த ஆபத்திலேயே சுவிட்ச் விழித்துக்கொண்டு, பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிற நொதியைச் செய்து வைத்துவிட்டன, அந்த ஆக்சிஜன்தான் நுரை. சர்க்கரையையும் வழக்கம்போல எரிக்காமல், பழுது பார்க்கிற வேலைக்குத் திருப்பிவிட்டன. கரண்ட் போனால் நாம் மிக்சியை விட்டுவிட்டு டார்ச்சைத் தேடுவதில்லையா, அப்படி. அம்மா சும்மா விடவில்லை, நல்ல சரக்கையே அளந்து கலந்து திரும்பத் திரும்பச் செய்தாள், அப்புறம் அந்தச் சுவிட்ச் மரபணுவை நீக்கிப் பார்த்தாள், அத்தனையும் சுருண்டன. இயக்குநர் மீசையைத் தடவிக்கொண்டே, அறை இருக்கட்டும்மா என்றாராம். அவள் நடைபாதையில் குதித்ததில் செருப்பு அறுந்துவிட்டது!

இதை வைத்து உனக்கு உபதேசம் பண்ணலாம் என்று ஆசையாக இருந்தது, அம்மா முறைக்கிறாள், விட்டுவிட்டேன். அறையை மூடியதும் உன்னிடம் வந்து தங்குவதாக அவள் சொன்னதுதான் நடக்காது. கோபித்துக்கொள்ளாதே கண்ணு, நீதான் லீவு போட்டு வரவேண்டும்.

நேற்று சாயங்காலம் அம்மா கடைக்கு வந்து, தானாகவே என் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். ஊர்த் தலையெல்லாம் பார்த்த நான் கத்தரியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன், கண்ணும் கலங்கிவிட்டது. கண்ணாடியில் பார்த்துவிட்டு, அதுங்களே தாங்கிடுச்சு, நான் தாங்க மாட்டேனா, தைரியமா வெட்டுங்க என்றாள்.

தீர்க்காயுசாக, சிரித்த முகமாக இரு. பெராக்சைடு பாட்டிலை மட்டும் வெயிலில் வைக்காதே.

உன் அம்மாவுக்கு முடி வெட்டியவன்,
அப்பா