மலையனூருக்குப் போய் வந்த எஸ்தர்

ஆகஸ்ட் 10, 1964. திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவதுபோல் வந்து கோட்டைப் பக்கமே நின்றுவிட்டது. ரேஷனில் சர்க்கரை இல்லை. மண்ணெண்ணெய் மட்டும்.

மாலையில் சபை மூப்பர் தேவசகாயம் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வெள்ளிக்கிழமை அமாவாசைக்கு மேல்மலையனூர் போன ஸ்பெஷல் பஸ்ஸில் எஸ்தர் ஏறியதைப் பார்த்தாராம். புருஷனோடு. கையில் தேங்காய், எலுமிச்சம்பழம்.

"நீங்கதானேம்மா அவளுக்கு வேதம் சொல்லிக் குடுத்தீங்க. இன்னா கத்துக்கினா அவ?"

அங்காளம்மன் கோயிலுக்குப் போனவளுக்கு ஞாயிறு ஆராதனையில் நற்கருணை அப்பம் கொடுக்கக் கூடாது என்கிறார். சபைகள் ஒன்றாகிப் பல வருஷம் ஆகியும் அவருக்கு இன்னும் பழைய ஆங்கிலிக்கன் சபைக் கண்டிப்புதான். சனிக்கிழமை கமிட்டியில் எடுக்கப்போகிறாராம்.

சோறு இறங்கவில்லை. வேத ஊழியக்காரி என்று ஊர் ஊராகப் போகிறேன். ஞானஸ்நானம் வரைக்கும் வந்தவள் இவள் ஒருத்தி.

செவ்வாய்

தளவானூர் பஸ். நல்ல கூட்டம். ஏறும்போது குடைக்கம்பி ஒடிந்தது.

எஸ்தர் மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே களை எடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் அவள் புருஷன் முனுசாமி. இரண்டு கண்ணிலும் புரை, வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். அவர் இந்துதான். இவள் சபைக்கு வருவதை ஒருநாளும் தடுத்ததில்லை. இன்னும் அலமேலு என்ற பழைய பேரில்தான் அவளைக் கூப்பிடுகிறார்.

கேட்டேன். மறைக்கவில்லை.

"போனேம்மா. அவருக்கு வேண்டுதல். கூட்டத்துல தனியா எப்படி அனுப்பறது? நான் கோயிலுக்குள்ள போகல. வெளியவே நின்னுட்டேன்."

"அங்க ஜெபம் ஏதாவது பண்ணியா?"

"பண்ணேன். உள்ள போன மனுசன் மிதிபடாம வெளிய வரணும்னு ஏசுசாமிகிட்ட கேட்டுக்கினே இருந்தேன்."

கோயில் பக்கம் போகாதே என்று சொல்லிக் கொடுத்தவள் நான். அவள் இடத்தில் நான் இருந்தால் அவரைத் தனியாக அனுப்பியிருப்பேனா? மாட்டேன்.

மூப்பர் சொன்னதையும் சொன்னேன். முகம் சின்னதாகிவிட்டது. "அப்ப ஞாயித்துக்கிழம நான் வர வேணாமா?" வரச் சொன்னேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

புதன்

பாஸ்டர் ஐயாவைப் பார்த்து எல்லாம் சொன்னேன். தலை ஆட்டிக் கேட்டார். "சனிக்கிழமை பார்ப்போம்மா." அவ்வளவுதான்.

வியாழன் – வெள்ளி

துணி, அரைத்த மாவு, குடை ரிப்பேர். மனசு மட்டும் கமிட்டியில். பேச வேண்டியதைத் துடைப்பமும் கையுமாகச் சொல்லிப் பார்த்தேன்.

சனி

நல்ல மழை. சபை அறையில் கமிட்டி. மூப்பர் எழுந்து சொல்லி முடித்தார். என் முறை. எழுந்தேன்.

அதற்குள் வாசலில் தடிச் சத்தம். யாரும் கூப்பிடாமல் முனுசாமி வந்து நின்றார். முன்னால் எஸ்தர், அவள் தோளில் அவர் கை. இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து.

"பெரியவரு யாருங்க இங்க?" என்று அலமாரியைப் பார்த்துக் கேட்டார்.

"இங்க இருக்கேன், வாங்க" என்றார் ஐயா.

"வேண்டுதல் என்னுதுங்க. அவ உள்ள வரல, நானும் கூப்புடல. என் கையப் புடிக்க வேற ஆளு இருந்தா சொல்லுங்க, இவள வுட்டுடறேன்."

மூப்பர் விடவில்லை. "அவ கையில தேங்கா இருந்துச்சே?"

"எனக்கு ஒரு கையில தடி. ஒரு கை அவ தோள்மேல. தேங்காய எதுலங்க புடிக்கிறது?"

யாரோ சிரித்துவிட்டார்கள். ஐயா சிரிக்கவில்லை. எஸ்தரைப் பார்த்து, "நீ யாரைக் கும்பிட்டேம்மா?" என்றார்.

"ஏசுசாமியத்தாங்க."

"கண் தெரியாத புருஷனைத் தனியா விடுன்னு வேதத்துல எங்கயும் இல்லை. நாளைக்கு இவளுக்கு நற்கருணை உண்டு." மூப்பரிடம் திரும்பி, "சபையைக் காக்கணும்னுதான் நீங்க சொன்னீங்க, எனக்குத் தெரியும்" என்றார். மூப்பர் உட்கார்ந்துவிட்டார்.

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

ஞாயிறு

வெயில். எஸ்தர் வரிசையில் எனக்கு முன்னால். முழங்காலிட்டு இரண்டு கையையும் ஏந்தினாள். விரலிடுக்கில் கொல்லை மண். அப்பம் வைத்தார் ஐயா. எனக்குக் கண்ணீர் மறைத்தது.

முனுசாமி வெளியே வேப்பமரத்தடியில். ஆராதனை முடிந்து நான் அங்கே போனபோது அவர் பக்கத்தில் மூப்பர், கையில் முனுசாமிக்கு வாங்கி வந்த டீ. மிஷன் ஆஸ்பத்திரியில் புரை எடுக்கிறார்கள், தானே கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முனுசாமிக்கு முகமெல்லாம் சந்தோஷம். "ரொம்ப நல்லதுங்க. கண்ணு வந்துடிச்சின்னா மலையனூருக்கு நானே தனியா போய்க்குவேன். இவளுக்கும் தொல்லை இல்ல, உங்களுக்கும் இல்ல."

மூப்பர் என்னைப் பார்த்தார். பிறகு, "டீ ஆறுது, குடிங்க" என்றார்.